மூன்று சுயசரிதைகள்

அண்மையில் நான் படித்த சில நூல்களைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். கதை, கவிதை நூல்களை விடுத்து, உண்மை நிகழ்ச்சிகளைக் கூறும் நூல்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நூல்நிலையங்களில் இவற்றை வாழ்க்கை வரலாறு, சமயம், சரித்திரம் எனப் பிரித்து வெவ்வேறு அலமாரிகளில் அடுக்கி வைப்பது வழக்கம். தேடி எடுப்பவர்க்கு அது வசதியான ஏற்பாடே. ஆயினும் மனித வாழ்க்கை அவ்வாறு பிரிந்து கிடப்பதில்லை. ஒருவன் பொருள் தேடி, மணம் புரிந்து, மக்களைப் பெற்று வாழும்போதே கடவுளைப் பற்றிய எண்ணமும் அவன் உள்ளத்தில் வளர்கிறது, மாறுகிறது, சில வேளைகளில் தளர்ந்தும் போகிறது. அதே காலத்தில் அவன் வாழும் நாட்டில் அரசர்கள் மாறுகிறார்கள், சட்டங்கள் மாறுகின்றன, கொள்ளைநோய் வந்து போகிறது. இவை அனைத்தையும் ஒருசேரக் காட்டும் நூல்கள் சிலவே. தம் வாழ்க்கையைத் தாமே எழுதிவைத்தவர்களின் நூல்களில் அது சில சமயம் நிகழ்ந்துவிடுகிறது.

அத்தகைய மூன்று நூல்களை நான் தொடர்ந்து படித்தேன். ஒன்று ஆக்ராவில் எழுதப்பட்டது, மற்றொன்று வங்காளத்தில், மூன்றாவது மகாராஷ்டிரத்தில். மூன்றையும் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நம்மில் பலர் ஓர் ஊரில் இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துவிடுகிறோம். அவ்வூர்க் கடைத்தெருப் பேச்சு நமக்கு வந்துவிடுகிறது. பண்டிகை நாட்களில் அண்டை வீட்டார் தரும் பலகாரத்தின் சுவையும் நன்றாகத் தெரிகிறது. ஆனால் அந்த வீட்டின் பாட்டியார் எப்படி வாழ்ந்தார், எதைக் கண்டு அஞ்சினார், எந்த நம்பிக்கையைப் பற்றிக்கொண்டு துன்பங்களைக் கடந்தார் என்பது நமக்குத் தெரிவதில்லை. கேட்பதற்குக் கூச்சமாக இருக்கிறது. கேட்டாலும் எளிதில் சொல்லமாட்டார்கள். அந்தக் கதவை நமக்குத் திறந்துவிடுபவை இத்தகைய நூல்களே.

முதல் நூலின் பெயர் 'அர்த்தகதானக்'. பாதிக் கதை என்பது அதன் பொருள். இதனை இயற்றியவர் பனாரஸிதாஸ் என்னும் சமண வணிகர். 1586ஆம் ஆண்டில் ஜவுன்பூரில் பிறந்தவர். 1641ஆம் ஆண்டில், ஆக்ராவில் இருந்தபோது, தம் வரலாற்றை வடநாட்டு மக்கள் பேசிய மொழியிலே 675 செய்யுட்களாகப் பாடி வைத்தார். சமண நூல்கள் மனிதனுடைய முழு ஆயுளை 110 ஆண்டுகள் எனக் கணக்கிடுகின்றன. அப்போது அவருக்கு வயது 55. ஆகவே சொன்னது பாதிக் கதை. மீதி இனிமேல் என்பது அவர் எண்ணம். ஆனால் நூலை முடித்த ஈராண்டுகளுக்குள் அவர் மறைந்தார். பாதி என்று எண்ணி எழுதியதே முழுமையாக முடிந்தது. நம் நாட்டு மொழிகளில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சுயசரிதைகளுள் ஒன்று இது. நெடுங்காலம் ஏடுகளில் கிடந்த இந்நூலை நாதூராம் பிரேமி என்னும் அறிஞர் 1943ஆம் ஆண்டில் அச்சிட்டு வெளியிட்டார். 1981ஆம் ஆண்டில் முகுந்த் லாட் இதனை ஆங்கிலத்தில் பெயர்த்தார்.

பனாரஸிதாஸ் பெருஞ்செல்வர் அல்லர். அரசவையில் இடம் பெற்றவரும் அல்லர். உண்மையைச் சொன்னால் அவர் வாணிகத்திலே தேறாதவர். தந்தையார் நம்பிக் கொடுத்தனுப்பிய சரக்குகளோடு ஆக்ராவுக்குச் சென்று, சிறிது சிறிதாக அனைத்தையும் இழந்தார். முடிந்து வைத்திருந்த மணிகளில் சில நழுவி விழுந்தன; சிலவற்றை எலிகள் இழுத்துச் சென்றன. கையில் ஒன்றும் இல்லாத நிலையில், மாலை நேரங்களில் பழைய காதற் கதைகளைப் பத்து இருபது பேருக்குப் படித்துக் காட்டிக் காலம் கழித்தார். அங்கே கேட்க வந்தவர்களுள் கச்சோரி விற்பவர் ஒருவர் இருந்தார். அவரிடம் நாள்தோறும் கடனுக்கு வாங்கி உண்டு வந்த பனாரஸி, ஒரு நாள் அவரைத் தனியே அழைத்து, தம்மிடம் பணமில்லை என்ற உண்மையைச் சொல்லிவிட்டார். அந்த வியாபாரி கோபிக்கவில்லை; தொடர்ந்து உண்ணுமாறு கூறினார். பல மாதங்கள் அப்படியே நடந்தது. பிற்பாடு கணக்குப் பார்த்துக் கடனைத் தீர்த்தார் பனாரஸி. வெளியூரில் வேலையற்று இருந்த நாட்களில் ஏதோ ஒரு சாப்பாட்டுக் கடைக்காரரின் பொறுமையால் பிழைத்தவர்கள் நம்மிடையேயும் உண்டு. அவர்களுக்கு நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய இந்தக் கச்சோரிக் கடைக்காரர் அந்நியராகத் தோன்றமாட்டார்.

இந்நூலில் வரும் சரித்திரம் எப்படிப்பட்டது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். அக்பர் சக்கரவர்த்தி 1605ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஆக்ராவில் காலமானார். அவருடைய ஆட்சியைப் பெருநூலாக எழுதிய அபுல் பசல் 1602ஆம் ஆண்டிலேயே கொல்லப்பட்டுவிட்டார். ஆகவே அந்தச் சாவை எழுத அவர் இல்லை. ஆனால் ஜவுன்பூரில் ஒரு வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்த 19 வயது இளைஞனின் காதில் அந்தச் செய்தி விழுந்தது. கேட்டதும் அவன் மயங்கி விழுந்தான். தலை கல்லில் மோதி இரத்தம் பெருகியது. தாய் ஓடி வந்து மடியில் கிடத்தி, துணியைக் கருக்கிக் காயத்தில் வைத்துக் கட்டினாள். ஊரில் கடைகள் அடைக்கப்பட்டன. மக்கள் நகைகளைப் புதைத்தார்கள். செல்வர்கள் நல்லாடைகளைக் களைந்து முரட்டுத் துணிகளை உடுத்திக்கொண்டார்கள். பத்து நாட்கள் இவ்வாறு கழிந்தபின் ஆக்ராவிலிருந்து கடிதம் வந்தது. இளவரசர் சலீம், ஜஹாங்கீர் என்ற பெயருடன் அரியணை ஏறிவிட்டார். எங்கும் அமைதி நிலவுகிறது. ஊர் மூச்சு விட்டது. ஓர் அரசனுடைய மரணம் குடிமக்களின் வீட்டில் என்னவாக இருந்தது என்பதைத் தலையில் கட்டுடன் இருந்த ஓர் இளைஞனிடமிருந்து நாம் அறிந்துகொள்கிறோம்.

அந்த வீழ்ச்சி அவருடைய நம்பிக்கையையும் அசைத்தது. அதற்கு முன் ஒரு சந்நியாசி அவருக்கு ஒரு மந்திரம் கொடுத்திருந்தார். ஓராண்டு மறைவாக ஜபித்தால் நாள்தோறும் வாசலில் ஒரு பொற்காசு கிடக்கும் என்பது வாக்கு. ஓராண்டு ஜபித்தும் காசு வரவில்லை. பிறகு ஒரு யோகி ஒரு சங்கைக் கொடுத்து, இதுவே சதாசிவன் எனச் சொல்ல, வீட்டாருக்குத் தெரியாமல் அதனைப் பூசித்து வந்தார். படியிலிருந்து விழுந்து எழுந்தபின் ஒரு நாள் அவர் எண்ணிப் பார்த்தார். நாள் தவறாமல் நான் பூசித்த தெய்வம் நான் விழுந்தபோது ஏன் தாங்கவில்லை என்று அவருக்குத் தோன்றியது. பூசையை விட்டுவிட்டார். அந்நாட்களில் தாம் எழுதியிருந்த சிருங்காரக் கவிதை நூலையும் கோமதி ஆற்றில் எறிந்தார். இதனைக் கொண்டு அவர் உடனே ஞானியாகிவிட்டார் என எண்ணவேண்டாம். பல ஆண்டுகளுக்குப் பின்னரும் தத்துவ நூலொன்றை அரைகுறையாகப் புரிந்துகொண்டு, சடங்குகளையெல்லாம் கைவிட்டு, நண்பர்களோடு ஓர் அறையில் ஆடைகளைக் களைந்து, நாங்களும் முனிவர்களே எனக் கூத்தாடியதை அவரே எழுதிவைத்திருக்கிறார். ஊரார் நகைத்தார்கள் என்பதையும் மறைக்கவில்லை. தமக்குப் பிறந்த ஒன்பது குழந்தைகளும் ஒவ்வொன்றாக இறந்ததைச் சொல்லும் இடத்திலே மட்டும் அவர் சொற்கள் மிகக் குறைந்துவிடுகின்றன.

அவர் தெளிவு பெற்றது 50 வயதை நெருங்கியபோது. அவரைக் குழப்பிய நூல் குந்தகுந்தர் இயற்றிய சமயசாரம். ரூப்சந்த் என்னும் பண்டிதர் ஆக்ராவுக்கு வந்து வேறொரு நூலை விளக்கியபின் அந்தக் குழப்பம் தீர்ந்தது. அந்நூல் பத்தாம் நூற்றாண்டில் நேமிசந்திரர் இயற்றிய கோம்மடசாரம். சிரவணபெளகொளாவில் கோமடேசுவரர் சிலையை அமைத்த சாவுண்டராயரோடு தொடர்புடையவர் நேமிசந்திரர். குந்தகுந்தரையோ மரபு தென்னாட்டினராகவே கருதுகிறது. வந்தவாசிக்கு அருகிலுள்ள பொன்னூர் மலையில் அவர் தவம் செய்தார் என்பர். தெற்கே பிறந்த நூல்கள் ஆக்ரா வணிகர் ஒருவரைக் கலக்கவும் தெளிவிக்கவும் செய்தன என்பதைக் காணும்போது, நம்முடைய நாட்டில் ஊர்களுக்கிடையே இருந்த தொலைவு நாம் நினைக்கும் அளவு பெரிதன்று எனத் தோன்றுகிறது.

இங்கே ஓர் ஒப்புமை நினைவுக்கு வருகிறது. 1880ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என உ. வே. சாமிநாதையரைக் கேட்டார். ஐயர் சைவச் சூழ்நிலையில் வளர்ந்தவர். அந்தச் சமண காவியத்தை அதுவரை அறியாதவர். அதன் பொருளை உணர, அவ்வூரில் வாழ்ந்த சமணர்களின் இல்லங்களுக்குச் சென்று, அவர்களுடைய சமயக் கொள்கைகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887ஆம் ஆண்டில் சிந்தாமணி அச்சாயிற்று. 'என் சரித்திர'த்தில் இப்பகுதியைப் படித்தவர்களுக்கு ஓர் உண்மை விளங்கும். பிறருடைய சமயத்தை அறிவதற்குத் தம் சமயத்தை ஐயர் விட்டுவிட வேண்டியிருக்கவில்லை. பக்கத்துத் தெருவுக்கு நடந்து சென்று, பணிவோடு கேட்டால் போதுமானதாக இருந்தது.

இரண்டாவது நூலுக்கு வருகிறேன். அதன் பெயர் 'ஆமார் ஜீபன்', அதாவது என் வாழ்க்கை. எழுதியவர் ராஸசுந்தரி தேவி. இன்று வங்காள தேசத்தில் உள்ள பாப்னா பகுதியில், போதாஜியா என்னும் கிராமத்தில் ஏறத்தாழ 1809ஆம் ஆண்டில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் மணமாகி, ஃபரீத்பூர்ப் பக்கத்திலுள்ள ராம்தியா என்னும் ஊருக்குச் சென்றார். பெரிய குடும்பம், ஓயாத அடுப்பு வேலை, பன்னிரண்டு பிள்ளைப்பேறுகள். குழந்தைகளுக்கும் விருந்தினருக்கும் படைத்து முடித்தபின் தமக்குச் சோறு கிடைக்காமல் பட்டினி கிடந்த நாட்களை அவர் கணக்கோடு சொல்கிறார். கணவருடைய குதிரை முற்றத்தில் நின்றால்கூட, அதன் எதிரே வருவது கணவர் எதிரே வருவது போலாகும் என நாணி உள்ளே ஒளிந்துகொண்டாராம். தாயார் மரணப் படுக்கையில் இருந்தபோது போய்ப் பார்க்கவும் அனுமதி கிடைக்கவில்லை. அந்த ஓர் இடத்தில் மட்டும் தாம் பெண்ணாகப் பிறந்ததை நொந்துகொள்கிறார்.

இந்தப் பெண்மணிக்கு ஓர் ஆசை இருந்தது. சைதன்ய பாகவதம் என்னும் பக்தி நூலைத் தாமே படிக்கவேண்டும் என்பது அது. பெண் எழுத்தறிந்தால் குடும்பத்துக்குக் கேடு வரும் என ஊரெல்லாம் நம்பிய காலம். ஒரு நாள் கணவர் அந்த நூலைச் சமையலறைப் பக்கம் வைத்துவிட்டுத் தம் மகனிடம் சொல்லிச் சென்றார். ஏடுகள் தைக்கப்படாமல் தனித்தனியாக இருந்த சுவடி அது. ராஸசுந்தரி அதிலிருந்து ஓர் ஏட்டை மட்டும் உருவி எடுத்து ஒளித்துவைத்தார். மகன் எழுதிப் பழகிய பனையோலை ஒன்றையும் எடுத்துக்கொண்டார். குழந்தைப் பருவத்தில், வீட்டில் நடந்த பள்ளியின் ஓரத்தில் உட்கார்ந்து காதால் கேட்ட எழுத்துக்களின் ஒலி நினைவில் இருந்தது. அந்த ஒலியையும், ஓலையிலுள்ள எழுத்தையும், ஏட்டிலுள்ள எழுத்தையும் ஒப்பிட்டு ஒப்பிட்டு, சமைக்கும்போதே முக்காட்டுக்குள்ளிருந்து பார்த்துப் பார்த்து, யாரும் அறியாமல் படிக்கக் கற்றார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்தைந்து. ஏறத்தாழ அதே ஆண்டுகளில்தான், 1835இல், கல்கத்தாவில் மெக்காலே இந்தியக் கல்வியைப் பற்றிய தம் குறிப்பை எழுதினார். எல்லாச் சரித்திரப் பாட நூல்களிலும் அந்தக் குறிப்புக்கு இடம் உண்டு. அதே வங்காளத்தில் ஒரு சமையலறையில் நடந்த கல்வியை இந்த நூல் இல்லையேல் நாம் அறிந்திருக்கவே மாட்டோம்.

எழுதக் கற்றது இன்னும் பல ஆண்டுகள் கழித்து. வெளியூரில் படித்துக்கொண்டிருந்த மகன், கடிதத்துக்கு அம்மா பதில் எழுதவில்லையே எனக் குறைப்பட்டு, தாளும் பேனாவும் மையும் கொண்டுவந்து கொடுத்தான். கணவரின் நோய்க்குச் சிகிச்சை செய்ய வேறூரில் தங்கியிருந்தபோது ஓய்வு கிடைத்தது, எழுத்து கைவந்தது. 1868ஆம் ஆண்டில் கணவர் மறைந்தார். அந்தக் காலத்தை ஒட்டி எழுதத் தொடங்கிய இந்நூலை, 88 வயதில், 1897ஆம் ஆண்டில் விரித்து நிறைவு செய்தார். வங்காளி மொழியின் முதல் சுயசரிதை எனப் போற்றப்படுவது, பள்ளிக்கூடத்தில் முறையாகப் பாடம் கேளாத ஒரு கிராமத்து மூதாட்டியின் நூலாகும். இதன் பொருளை ஆராய்ந்து தனிகா சர்க்கார் 1999ஆம் ஆண்டில் நல்லதொரு நூல் எழுதியிருக்கிறார்.

ராஸசுந்தரியின் பக்தியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். சிறுமியாக இருந்தபோது அச்சம் வந்தால் தயாமாதவனை அழைக்குமாறு தாய் சொல்லிக்கொடுத்தாள். அந்த ஒரு சொல்லை அவர் வாழ்நாள் முழுவதும் பற்றிக்கொண்டிருந்தார். அவருடைய கடவுள் வீட்டு வேலைகளிலிருந்து அவரை விடுவிக்கவில்லை. இறந்துபோன பிள்ளைகளையும் திருப்பித் தரவில்லை. ஆயினும் அவரைப் படிக்கத் தூண்டியது அந்த பக்திதான். பணிந்து நட என்று கற்பித்த அதே சமயம், ஊர் விதித்த தடையை மீறும் துணிவையும் அவருக்குக் கொடுத்தது. சமயத்தைப் பற்றிப் பொதுவாகப் பேசுவோர், அது மக்களை அடக்குகிறது என்றோ விடுவிக்கிறது என்றோ ஒரே சொல்லில் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒரு தனி மனிதரின் வாழ்க்கையைப் பொறுமையாகப் படிக்கும்போது அத்தகைய முடிவுகள் நிற்பதில்லை.

மூன்றாவது நூல் மராத்தியில் எழுதப்பட்ட 'ஸ்மிருதி சித்ரே', அதாவது நினைவுச் சித்திரங்கள். எழுதியவர் இலட்சுமிபாய் திலக். 1868ஆம் ஆண்டில் நாசிக்கை அடுத்த சிற்றூரில், ஆசாரம் மிகுந்த பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். இந்நூல் 1934 முதல் 1937 வரை நான்கு பகுதிகளாக வெளிவந்தது. ஆசிரியர் 1936ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார். 2017ஆம் ஆண்டில் சாந்தா கோகலே இதன் முழு ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டார்.

இந்நூலின் தொடக்கத்திலேயே சரித்திரம் வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை ஒட்டி இலட்சுமிபாயின் தாய்வழிப் பாட்டனார் தூக்கிலிடப்பட்டார். அந்த அதிர்ச்சியில் தந்தையாரின் மனம் பேதலித்து, உலகமே தீட்டுப்பட்டது என்னும் எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. அன்று முதல் வீட்டுக்குள் வரும் பொருள் அனைத்தையும் கழுவிக் கழுவி, மடி என்ற பெயரால் மனைவி மக்களை வாட்டினார். 1857 என்றால் நாம் மீரட்டையும் தில்லியையும் ஜான்சியையும் நினைக்கிறோம். நாசிக் பக்கத்து வீடொன்றில், அதற்குப் பின் பிறந்த பெண் குழந்தையின் சோற்றுத் தட்டுவரை அது வந்து எட்டியது என்பதை இந்நூலில்தான் கண்டேன்.

பதினொரு வயதில் நாராயண வாமன் திலகருக்கு இலட்சுமிபாய் மணம் செய்விக்கப்பட்டார். திலகர் கவிஞர், முன்கோபி, பரந்த நெஞ்சினர், ஓரிடத்தில் நிலைத்திராதவர். ரயில் பயணத்தில் ஒரு வெள்ளைக்காரர் கொடுத்த விவிலியத்தைப் படிக்கத் தொடங்கி, 1895ஆம் ஆண்டு பிப்ரவரியில் பம்பாயில் கிறிஸ்தவரானார். துக்காராமின் பக்திப் பாடல்களே தம்மைக் கிறிஸ்துவிடம் சேர்த்த பாலம் என அவர் கருதினார். ஆனால் அந்தப் பாலத்தின் இக்கரையில் மனைவியும் சிறு மகனும் நின்றார்கள். உயிரோடுள்ள கணவனை இழந்தவளாக இலட்சுமிபாய் உறவினர் வீட்டிலும் பண்டரிபுரத்திலும் நான்கு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவர் கொண்ட அன்பு குறையவில்லை. ஆனால் ஒரே கூரையின் கீழ் வாழ வழியும் இல்லை. பிறகு அவர் கணவரிடம் திரும்பி வந்தபோதும் தம் ஆசாரத்தை விடவில்லை. வீடு சேர்ந்தபின்னும் சமையலும் தண்ணீரும் சேரவில்லை.

ஒரு நாள் இரவு அவர் நெடுநேரம் சிந்தித்தார். சாதியைக் கடவுள் படைத்திருந்தால் மனிதருடைய பிறப்பிலும் இறப்பிலும் உடம்பிலும் வேறுபாடு வைத்திருக்கமாட்டாரா என்ற கேள்வி எழுந்தது. விடிவதற்குள் சாதி மனிதர் செய்தது என்ற முடிவுக்கு வந்துவிட்டார். யார் கையால் கொடுத்தாலும் உண்பதென்று உறுதி செய்துகொண்டார். அதற்குப் பின்னரே, 1900ஆம் ஆண்டில், அவர் திருமுழுக்குப் பெற்றார். கணவர் சொன்னார் என்பதற்காக மனைவி மாறவில்லை. தாமே ஒரு படி ஏறி நின்று, பிறகு அடுத்த படியில் கால் வைத்தார். 1919ஆம் ஆண்டில் திலகர் மறைந்தபின், அவர் தொடங்கி முடிக்காமல் விட்ட 'கிறிஸ்தாயனம்' என்னும் காவியத்தை எழுதி நிறைவு செய்தவர், ஒருகாலத்தில் எழுத்தறியாதவராய் இருந்த இந்த இலட்சுமிபாயே. இத்தனைத் துன்பங்களையும் சொல்லும் நூல் என்பதால் இது அழுகை நிறைந்தது என எண்ணவேண்டாம். பக்கத்துக்குப் பக்கம் சிரிப்பு. தம் அறியாமையையும் கணவரின் ஊதாரித்தனத்தையும் ஒரே தராசில் வைத்து நகையாடுகிறார்.

சுயசரிதை முழுவதும் உண்மையாகவே இருக்குமா என நேயர்கள் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். நினைவு பிழைபடும், சொல்ல விரும்பாததை மனிதர் மறைப்பர். ராஸசுந்தரி கணவரைப் பற்றி அளந்தே பேசுகிறார். அந்த அடக்கத்தின் அடியில் என்ன இருந்தது என்பதை நாம் ஊகிக்கத்தான் முடியும். இலட்சுமிபாயின் சிரிப்பிலும் சில புண்கள் மறைந்திருக்கக்கூடும். ஆகவே இவற்றை மற்றச் சான்றுகளோடு வைத்துப் படிக்கவேண்டும். பனாரஸிதாஸ் 1616ஆம் ஆண்டை ஒட்டி ஆக்ராவில் கட்டி கண்டு மக்கள் இறந்த கொள்ளைநோயைக் கூறுகிறார். ஜஹாங்கீர் அரசரின் நினைவுக் குறிப்புகளிலும் அக்காலத்துக் கொள்ளைநோய் பேசப்படுகிறது. அரசரும் வணிகரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே செய்தியைச் சொல்லும்போது நமக்கு நம்பிக்கை பிறக்கிறது. இன்னும் ஓர் உரைகல் உண்டு. தமக்குப் பெருமை தராத செய்தியை ஒருவர் சொல்கிறாரா எனப் பார்க்கவேண்டும். பனாரஸிதாஸ் நூலின் இறுதியில் தம் குணங்களையும் குற்றங்களையும் பட்டியலிடுகிறார். பொய் சொல்வதுண்டு என்கிறார். யாரும் இல்லாதபோது தனியே ஆடுவதுண்டு என்றும் சொல்கிறார். இப்படிச் சொன்னவரைப் பெரும்பாலும் நம்பலாம்.

இந்த மூவரும் மூன்று சமயத்தினர், மூன்று மொழியினர். எந்தப் படையையும் நடத்தியவர் அல்லர். எந்தச் சபைக்கும் தலைமை தாங்கி நாட்டை மாற்றியவரும் அல்லர். கடனுக்குக் கச்சோரி தின்ற நாளையும், முக்காட்டுக்குள் எழுத்துக் கூட்டிய நாளையும், தண்ணீர்க்குடத்தைத் தனியே வைத்திருந்த நாளையும் எழுதத் தக்கவை என எண்ணினார்கள். அதனால் அவர்கள் காலமும் அவர்கள் நம்பிக்கையும் நமக்குக் கிடைத்தன.

இனி நம்மைப் பற்றி ஒரு சொல். மும்பையின் தாராவிக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்று தோல் பதனிட்டவர்கள் எத்தனை பேர்! கோலார் தங்க வயலில் 1880ஆம் ஆண்டு முதல் பூமிக்கு அடியில் இறங்கி உழைத்த தமிழ்க் குடும்பங்கள் எத்தனை! அந்தச் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டில் மூடப்பட்டுவிட்டன. தில்லியின் கரோல் பாகிலும், கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியிலும் எழுத்தர்களாகவும் ஆசிரியர்களாகவும் வந்து குடியேறியவர்களின் கதை என்ன? முதல் நாள் இரவு எங்கே தங்கினார்கள்? மொழி தெரியாத ஊரில் முதலில் உதவியவர் யார்? எந்தக் கோயிலை, எந்த மாதா கோவிலை, எந்தப் பள்ளிவாசலைத் தேடிச் சென்றார்கள்? ஊரில் தாய் இறந்த செய்தி எத்தனை நாள் கழித்து வந்தது? இவற்றையெல்லாம் நேரில் அறிந்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். அவர்களோடு அந்தச் சரித்திரமும் மறைகிறது. எந்த அரசாங்க ஆவணத்திலும் அதை மீண்டும் தேடி எடுக்க முடியாது.

வெளி மாநிலத்தில் வளரும் நம் பேரப்பிள்ளைகளுள் பலர் தமிழ் பேசுகிறார்கள், படிக்க அறியார். பாட்டியார் எழுதிய கடிதங்கள் பெட்டியில் இருக்கும். எடுத்துப் பார்த்தால் அவர்களுக்கு அவை வெறுங்கோடுகள். இதனைக் கொண்டு அவர்களைக் கடிந்து பயனில்லை. கற்பிக்க நேரமில்லாமல் இருந்தவர்கள் நாம்தாம். ராஸசுந்தரிக்கு ஓர் ஏடும் ஓர் ஓலையும் போதுமானவையாக இருந்தன; ஆனால் அதைப் படித்தே தீரவேண்டும் என்னும் ஆசை இருந்தது. தம் பாட்டியாரின் வாழ்க்கை அதில் இருக்கிறது எனத் தெரிந்தால் பிள்ளைகளுக்கும் அந்த ஆசை பிறக்கக்கூடும்.

ஆகவே வீட்டில் வயது முதிர்ந்தவர்கள் இருந்தால், ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் அருகில் உட்காருங்கள். ஆண்டையும் ஊரையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சம்பளம் எவ்வளவு, வாடகை எவ்வளவு என்பதையும் விடவேண்டாம். அவர்கள் எதை நம்பினார்கள், எப்போது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது என்பதையும் தயங்காமல் கேளுங்கள். தமிழில் எழுத இயலாவிடில் உங்களுக்கு வரும் மொழியிலே எழுதுங்கள். பெருமைக்குரியவற்றை மட்டும் எழுதாமல், தோல்விகளையும் சேர்த்து எழுதுங்கள். பாதிக் கதையாக இருந்தாலும் தவறில்லை. பனாரஸிதாஸ் எழுதியதும் பாதிக் கதைதானே.